மூக்கின் அளவு

ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டில் என்னைப் பற்றி எல்லாம் இருந்தது. மணிக்கு 41 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் 76 சதவீதம் வரை இறங்குகிறது. மல்லாந்து படுத்தால் மோசம், ஒருக்களித்தால் கொஞ்சம் தேவலை. எடை, உயரம், கழுத்துச் சுற்றளவுகூட இருந்தன. மூக்கைப் பற்றித்தான் ஒரு வரி இல்லை. என் மூக்குத் தண்டு தட்டை, நுனி அகலம், வலது பக்கம் ஏழுகல் மூக்குத்தி. அடுத்து வந்த மாதங்களில் நான் பட்ட பாடெல்லாம் இந்த மூன்றாலும்தான்.

2017ஆம் வருஷம். பட்டுக்கோட்டையில் ஒரு வங்கிக் கிளையில் கவுன்டரில் இருந்தேன். ஐம்பதைத் தாண்டிய வயது. மதியம் மூன்று மணிக்கு, பக்கத்தில் நோட்டு எண்ணும் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். காலையில் எழுந்தால் தலை கனம். தைராய்டு பார்த்தார்கள், ரத்தசோகை பார்த்தார்கள். “இந்த வயசுல இப்படித்தாம்மா இருக்கும்” என்று ஒரு டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். குறட்டை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. ஆம்பளை குறட்டை விட்டால் வீட்டில் சிரிப்பார்கள், பொம்பளை விட்டால் அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே பேசமாட்டார்கள். மாதவிடாய் நின்றபின் பெண்களிடம் தூக்கத்தில் மூச்சு நிற்கிற இந்த நோய் கூடுகிறது என்பதும், பல பெண்கள் அசதி, தலைவலி, தூக்கம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டுதான் டாக்டரிடம் போகிறார்கள் என்பதும் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. கடைசியில் கண்டுபிடித்தவள் என் மகள். பிரசவத்துக்கு வந்திருந்தாள். ராத்திரி பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்தவள், நான் மூச்சு விடாமல் கிடப்பதையும் பிறகு திணறி இழுப்பதையும் செல்போனில் வீடியோ எடுத்து, காலையில் காபியோடு காட்டினாள். அதற்குப் பிறகுதான் அந்த ஸ்லீப் ஸ்டடி.

தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை ஒட்டிக்கொள்கிறது. பத்து நொடியாவது காற்று தடைப்பட்டால் அதை ஒரு தடவை என்று கணக்கு வைக்கிறார்கள். மூளை உசுப்பிவிடும், தொண்டை திறக்கும், மறுபடி ஒட்டும். மணிக்கு முப்பதைத் தொட்டாலே தீவிரம் என்று பெயர். இதற்குத் தருகிற சிபேப் மெஷின் மாஸ்க் வழியே விடாமல் காற்றைத் தள்ளி அந்தப் பாதையை ஒட்டவிடாமல் வைக்கிறது. திருச்சியில் ஒரு மருத்துவமனையில் இன்னொரு ராத்திரி படுக்கவைத்து, எனக்கு 11 சென்டிமீட்டர் அழுத்தம் போதும் என்று முடிவு செய்தார்கள். மறுநாள் விடிகாலை எழுந்தபோது கழுத்துக்கு மேலே தலை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. அந்த ஒரு காலைதான் பின்னால் வந்த எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வைத்தது.

மெஷினைக் கொண்டுவந்த டீலர் கடைத் தம்பி நல்ல பையன். ஹாலில் உட்கார்ந்து மெஷினைப் பற்றி விலாவாரியாகச் சொன்னான். தானாக அழுத்தத்தைக் கூட்டும், குறைக்கும், தண்ணீர்த் தொட்டியைச் சூடாக்கும், ராத்திரி முழுக்க நடந்ததை எழுதி வைக்கும். மாஸ்க்குக்கு வந்தபோது கவரைப் பிரித்து, சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த என் தலையில் மாட்டி, நாலு பட்டையையும் இழுத்து இறுக்கி, “செட் ஆயிடுச்சு மேடம். இது மீடியம். எல்லாருக்கும் இதுதான் போகுது” என்றான். மூக்கு, வாய் இரண்டையும் மூடுகிற முழு முக மாஸ்க். விலை ஏழாயிரத்துச் சொச்சம். பிரித்துவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

படுத்தவுடன் அந்த மாஸ்க் வேறு மாஸ்க் ஆகிவிட்டது. உட்கார்ந்திருக்கும்போது இருக்கிற கன்னம் படுத்தால் இருப்பதில்லை, சதை காதுப் பக்கமாகச் சரிகிறது. மூக்குத் தண்டின் மேலே ஒரு இடைவெளி விழுந்து, அதன் வழியே காற்று நேராகக் கண்ணுக்குள் அடித்தது. என் கணவர் எழுந்து விளக்கைப் போட்டு மேல்பட்டையை இன்னும் இறுக்கினார். காற்று கீழே மோவாய்ப் பக்கம் போனது. அதை இறுக்கினார். விசில் சத்தம் வந்தது. காலையில் இரண்டு கண்ணும் சிவந்து, மூக்கின் மேல் தோல் கன்றியிருந்தது. ஒரு வாரத்தில் அது புண்ணாகி, அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு கவுன்டரில் உட்கார்ந்தேன். பென்ஷன் வாங்க வருகிற பெரியவர்கள் ஒருவர் விடாமல் கேட்டார்கள். கண்ணாடி இடித்துவிட்டது என்று சொல்லிவைத்தேன்.

அவருடைய பங்கு ஒன்றையும் சொல்லவேண்டும். மாஸ்க்கின் முன்பக்கம், டியூப் சேருகிற இடத்தைச் சுற்றிப் பொடிப் பொடியாக ஓட்டைகள் இருந்தன. அதிலிருந்து எப்போதும் உஸ்ஸென்று காற்று வந்துகொண்டிருந்தது. “காத்து லீக்காகுதுன்னு பாத்தா கம்பெனிக்காரனே ஓட்டை போட்டு வச்சிருக்கான்” என்று செல்லோடேப்பை எடுத்து ஒட்டப் போனார். நல்லவேளை, வியர்வையில் டேப் பிடிக்கவில்லை. நாம் விடுகிற மூச்சு வெளியே போவதற்கு இருப்பதே அந்த ஓட்டைகள்தான். அடைத்தால் விட்ட கரியமில வாயுவையே திரும்ப இழுக்கவேண்டியிருக்கும். மெஷினை விளக்கின அரைமணியில் இந்த ஒரு சங்கதிக்கு அந்தத் தம்பி இடம் வைத்திருக்கலாம்.

இந்தச் சிகிச்சை பிறந்த கதையை மகள் தேடிப் படித்துச் சொன்னாள். கேட்டபோது எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பொறாமை. 1980இல் ஆஸ்திரேலியாவில், சிட்னியின் ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனையில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் செய்தது. நோய் முற்றினவர்களுக்கு அதுவரை இருந்த உறுதியான வழி, தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைப்பது. அதற்கு ஒப்புக்கொள்ளாத ஒரு நோயாளி இந்தப் புதுச் சோதனைக்குச் சம்மதித்தார். வேக்குவம் கிளீனர் மோட்டாரைக் காற்று ஊதுகிற மாதிரி மாற்றி, அதிலிருந்து குழாய் இழுத்து மூக்கில் பொருத்தினார்கள். மனிதர் ராத்திரி முழுக்கத் தூங்கினார். சல்லிவன் அதற்கு முன் கனடாவில் நாய்களின் தூக்கத்தையும் மூச்சையும் ஆராய்ந்தவர். நாயின் நீண்ட முகத்துக்கு மாஸ்க் பொருத்திப் பழகிய கை. ஐந்து நோயாளிகளைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1981இல் லான்செட் பத்திரிகையில் வந்தது.

என் பொறாமை மாஸ்க்கைப் பற்றியது. அந்த முதல் ஆட்கள் வீட்டுக்கு மெஷினைக் கொண்டுபோனபோது, ஒவ்வொருவர் மூக்கையும் பிளாஸ்டர் மாவில் அச்செடுத்து, அந்த அச்சுக்கு ஃபைபர்கிளாஸில் மாஸ்க் செய்து கொடுத்தார்கள். தினமும் படுக்கும்போது சிலிக்கான் பசை தடவி முகத்தில் ஒட்டிக்கொள்ளவேண்டும், காலையில் பிய்த்தெடுக்கவேண்டும். கொடுமைதான். ஆனால் அந்த மாஸ்க் அவரவர் மூக்குக்கென்றே செய்தது. பிறகு ஊதிக்கொள்கிற சிலிக்கான் குஷன் வந்தது, பசை போனது, கூடவே அச்சும் போனது. உலகத்து மூக்கெல்லாம் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மூன்று பெட்டிக்குள் அடங்கின.

திருச்சிக்குத் திரும்பப் போனபோது, ஸ்லீப் லேபில் டெக்னாலஜிஸ்ட்டாக இருந்த பெண் என் மூக்குப் புண்ணைப் பார்த்ததும், “யாரும்மா இப்படி இறுக்கினது?” என்றாள். முப்பது வயதுகூட இருக்காது. முதலில் ஒரு கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துவந்து, ஒரு ஸ்ட்ராவைக் கிட்டத்தட்ட அடிவரை விட்டு, “ஊதுங்க, குமிழி வரட்டும்” என்றாள். ஊதினேன். “இவ்ளோதாம்மா உங்க பிரஷர். பதினோரு சென்டிமீட்டர் ஆழத் தண்ணியில குமிழி விடுற அழுத்தம். இதைத் தடுக்கிறதுக்கு மண்டையை நசுக்கவேண்டிய அவசியமே இல்லை.”

பிறகு மாஸ்க்கின் குஷனைக் கையில் எடுத்து ஓரத்தைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே தடித்த ஒரு விளிம்பு, அதன்மேல் வெங்காயச் சருகு கனத்தில் இன்னொரு விளிம்பு. காற்று வந்ததும் அந்த மெல்லிய விளிம்பு உள்ளிருந்து ஊதி, முகத்தின் மேடு பள்ளத்தில் தானே போய் உட்காரும். பட்டையை இறுக்கினால் மெல்லியது தடித்ததோடு சேர்ந்து நசுங்கிவிடும். அப்புறம் அது ஊதவும் முடியாது, நெளியவும் முடியாது. கசியும். கசிகிறதே என்று இன்னும் இறுக்குவோம். எங்கள் வீட்டில் ராத்திரி ராத்திரி நடந்தது இதுதான்.

அவள் மாஸ்க் போட்ட முறையை இங்கே எழுதிவைப்பது, யாருக்காவது உதவும் என்றுதான். கட்டிலில் படுக்கச் சொன்னாள், வீட்டில் வைத்துக்கொள்கிற அதே உயரத்துக்குத் தலையணை. பட்டைகளை முழுக்கத் தளர்த்தினாள். மெஷினை என் முழு அழுத்தத்தில் ஓடவிட்டாள். காற்று ஓடும்போதே மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை முன்னே இழுத்து, குஷன் ஊதினதும் மெல்ல உட்காரவிட்டாள். அதற்குப் பிறகுதான் பட்டை, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில், கசிவு நிற்கிற வரை மட்டும். “இப்ப அந்தப் பக்கம் திரும்புங்க. இந்தப் பக்கம். வாயைத் திறந்து மூடுங்க. கொட்டாவி விடுங்க.” ஒவ்வொன்றுக்கும் கன்னத்தோரம் கையை வைத்துப் பார்த்தாள். சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து யார் மாஸ்க் வாங்கினாலும் அது சோபாவுக்கு வாங்கின மாஸ்க்.

கேள்விகளும் கேட்டாள். தலைக்கு எண்ணெய் எப்போது வைப்பீர்கள்? முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உண்டா? ராத்திரி படுக்குமுன் தலையில் எண்ணெய் தொட்டு வைத்து, மிச்சத்தைக் கன்னத்தில் தேய்த்துக்கொள்வது எங்கள் அம்மா காலத்திலிருந்து வருகிற பழக்கம். எண்ணெய் பட்டால் சிலிக்கான் வழுக்கும், நாளாக ஆக நைந்தும் போகும். தலைக்குக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், படுக்குமுன் சோப்புப் போட்டு முகம் கழுவுங்கள், குஷனையும் தினமும் கழுவுங்கள், ஸ்பிரிட் வேண்டாம் என்றாள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் அன்று மட்டும் சீயக்காயோடு நிறுத்தாமல் முகத்துக்கு இரண்டு தடவை சோப்பு. அதற்கு முன்னால் வெள்ளி ராத்திரிகளில் மாஸ்க் மூக்கை விட்டு நெற்றிக்கு ஏறிப் போனது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

கரன்ட் போனால் என்ன ஆகும் என்பது என் பெரிய பயம். முழு முக மாஸ்க்கில் அதற்கென்று ஒரு வால்வு உண்டு, காற்று நின்றதும் தானே திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும் என்று மெஷினை நிறுத்தியே காட்டினாள். மூக்கு மாஸ்க் என்றால் வாயைத் திறந்தால் போதும். இதைத் தெரிந்துகொண்டதும் பாதிப் பதைப்பு குறைந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த மீடியம் என் மூக்குத் தண்டுக்கு உட்காரவில்லை. தண்டு தட்டையாக இருப்பவர்களுக்கு மேல்முனையில் இடைவெளி விழுவது சகஜம் என்றாள். ஸ்மால் வைத்தால் கீழே வாய் பிதுங்கியது. வெறும் மூக்கை மூடுகிற மாஸ்க்கிலும் அதே மேல்முனைத் தொல்லை. “தண்டு வேலையே வேண்டாம், நாசித் துவாரத்துல வைக்கிறதுக்குப் போயிடலாம்” என்று நேசல் பில்லோ எனப்படும் சின்ன மாஸ்க்கை எடுத்தாள். இரண்டு சிலிக்கான் கூம்பு. மூக்கின் கீழிருந்து துவாரங்களில் செருகி உட்காரும். நெற்றியில் ஒன்றுமில்லை, கண் முன்னால் ஒன்றுமில்லை, ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு வார இதழ் புரட்டலாம். வாய் திறந்து காற்று போய்விடுமே என்றேன். என் வாய் திறப்பது மூக்கு அடைப்பதால் என்று அவள் கணக்கு. உப்புத் தண்ணீர் ஸ்ப்ரேயும் மெஷினின் ஈரப்பதமும் சேர்ந்து மூக்கைத் திறந்துவிட்டால் வாய் மூடிக்கொள்ளலாம், பார்ப்போம் என்றாள். மூடிக்கொண்டது. எல்லாருக்கும் அப்படி ஆகாது என்பதையும் அவளே சொன்னாள்.

இடது துவாரத்தில் கூம்பு சுகமாக உட்கார்ந்தது. வலது துவாரத்தில் வைத்ததும் சுரீர் என்றது. மூக்குத்தியின் திருகாணி. வெளியே ஏழு கல், உள்ளே அதைப் பிடித்திருக்கிற திருகு. அந்தத் திருகைக் கூம்பு நெட்டித் தள்ளியது. “இதைக் கழட்டிட்டுப் படுக்க முடியுமாம்மா?” என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, “இதோட நாலு பேராச்சு” என்று சிரித்தாள். இந்த மாஸ்க்கை வரைந்தவர்கள் எவர் வீட்டிலும் மூக்குத்தி போட்ட பொம்பளை இருந்திருக்கமாட்டாள்.

வீட்டில் என் அம்மா இருந்தார். எண்பதைத் தாண்டியவர். விஷயத்தைச் சொன்னதும், “கல்யாணத்தன்னிக்குப் போட்டது. புருஷன் பக்கத்துல படுத்திருக்கறப்ப மூக்கை மூளியா வச்சுக்கிட்டுப் படுக்கறதாவது? அந்தக் கண்றாவி மிஷினு இல்லாம நாங்கள்லாம் தூங்கலியா?” என்றார். பக்கத்தில் படுத்திருக்கிற புருஷன், “அவ மூச்சு விட்டாப் போதும் அத்தை, மூக்கு எப்படி இருந்தா என்ன” என்றார். அம்மா அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கும் கழற்ற மனசில்லை என்பதே உண்மை. தவிர, திருகு மூக்குத்தியைத் தினம் கழற்றி மாட்டுவது லேசுப்பட்ட வேலையில்லை. ஒரு தடவை திருகு கை தவறி விழுந்தால் வீடே தரையில் தவழும்.

வழி சொன்னவர் பத்தர். எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக நகை செய்கிறவர். பட்டறைக்கு மாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் அந்தக் கூம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரலை உள்ளே விட்டு, அமுக்கி, எங்கே மூக்கில் படும், எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்று கேட்டார். அந்த டீலர் கடைத் தம்பி கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார். பிறகு, “கல்லு அப்படியே இருக்கட்டும். திருகை வெட்டிட்டு மெலிசா கம்பி வச்சு உள்பக்கம் மடக்கித் தரேன். மூக்குச் சுவரோட படிஞ்சு கெடக்கும், துருத்தாது” என்றார். சாயங்காலம் கொடுத்தார். கம்பியின் வளைவை அரத்தால் இழைத்து, என் மூக்கில் போட்டு, கூம்பை வைத்து அமுக்கச் சொல்லி, மறுபடி கழற்றி இழைத்து, அதற்குப் பிறகுதான் விட்டார். சிட்னியில் பிளாஸ்டர் அச்செடுத்துச் செய்தார்களே, அந்த மரியாதை என் மூக்குக்குக் கிடைத்தது பட்டுக்கோட்டையில், தராசும் ஊதுகுழலும் வைத்திருந்த ஒருவரிடம். அம்மா மூக்குத்தியை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “ஒரு கல்லு மங்கிக் கெடக்கு, அதையும் மாத்தச் சொல்லியிருக்கலாம்ல” என்றார்.

நான் வாங்கிய மெஷின், நிமிடத்துக்கு 24 லிட்டர் வரை கசிவைப் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் காலையில் திரையில் முகம் சுளிக்கும். பில்லோ வந்தபின் அந்தச் சுளிப்பு எப்போதாவதுதான். மணிக்கு 41 இருந்தது மூன்று, நான்கு என்று இறங்கியது. கவுன்டரில் கண் சொருகுவது நின்றது. மூக்கு ஆறிவிட்டது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் ஊர் வழியாகப் போனது. தென்னந்தோப்பெல்லாம் படுத்துவிட்டன, மின்கம்பங்களும் படுத்துவிட்டன. எங்கள் தெருவுக்குக் கரன்ட் வர வாரக்கணக்கானது. ஊரே கூரையைத் தேடிக்கொண்டிருக்கும்போது என் மாஸ்க் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனால் பழைய தலைக்கனம் சில நாளிலேயே திரும்பி வந்துவிட்டது. அவர் ராத்திரி உட்கார்ந்தபடி என்னைத் தட்டித் தட்டித் திருப்பிப் படுக்கவைத்தார். ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் வீடு வீடாக மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார்கள். அப்படி வந்த ஒருவரிடம் தண்ணீர்த் தொட்டி நிறைகிற நேரத்தில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றிக்கொண்டோம். மெஷினில் கரன்டை அதிகம் தின்பது தண்ணீரைச் சூடாக்கும் பகுதிதான். அதை நிறுத்திவிட்டால் பேட்டரி ராத்திரியைத் தாண்டும். மூக்கு காய்ந்து எரிந்தது. உப்புத் தண்ணீர் ஸ்ப்ரேயை அடித்துக்கொண்டு படுத்தேன்.

எங்கள் கிளையில் ஒரு சக ஊழியர், காஷியர். அவருக்கும் இதே நோய் என்று தெரிந்ததும் நேராக என்னிடம் வந்து, “நீங்க போடற மாஸ்க் என்ன மாடல் மேடம்? அதையே வாங்கிடறேன்” என்றார். மாடல் பெயரைச் சொல்லவில்லை. திருச்சி ஸ்லீப் லேபுக்குப் போய்க் கட்டிலில் படுத்துப் பாருங்கள் என்று அனுப்பினேன். பில்லோ அவருக்கு ஆகவில்லை. வாய் திறந்து தூங்குகிறவர். கடைசியில் அவருக்குப் பொருந்தியது எது என்றால், என்னைப் புண்ணாக்கிய அதே கம்பெனியின் அதே முழு முக மாஸ்க், அதே மீடியம். எடுப்பான மூக்குத் தண்டு, ஒட்டின கன்னம். மீசையும் மாஸ்க்குக்கு உள்ளேயே அடங்கிவிடுவதால் தகராறு இல்லை. பரணில் கிடந்த என்னுடையதைக் கழுவிக் கொடுத்தேன். குஷனை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டார். “இதுல என்ன மேடம் குறை கண்டீங்க? போட்டதே தெரியல” என்றார். எனக்குக் கோபம்கூட வந்தது.

மறுவருஷம் கார்த்திகையில் அவர் சபரிமலைக்கு மாலை போட்டார். ஒரு மண்டலம் சவரம் கிடையாது. பாதி விரதத்தில் ஒருநாள் கருப்பு வேட்டியோடு என் மேஜைக்கு வந்து நின்றார். தாடி நன்றாக இறங்கியிருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. “சாமி, தூங்கி ஒரு வாரம் ஆச்சு. எப்படிப் போட்டாலும் கன்னத்துல கசியுது” என்றார். சிலிக்கான் தோலில் ஒட்டும், முடிமேல் ஒட்டாது. லேபுக்கு போன் போட்டேன். அந்தப் பெண் யோசிக்கவேயில்லை. மூக்கோடு நிற்கிற பில்லோவையும் வாய் திறக்காமல் பிடிக்க மோவாய்ப் பட்டையையும் சொல்லி, “மலைக்குப் போயிட்டு வந்து சவரம் பண்ணினதும் பழசுக்கு மாறிடட்டும்” என்றாள். சாமி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: “மாலை போடற மாசத்துக்குன்னு தனியா ஒரு மாஸ்க்கா மேடம்? வீட்டுல என்னன்னு சொல்றது?” மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பணத்தை அனுப்பிவிட்டார். லார்ஜ் சைஸ்.